வாஞ்சூர் வரை ஒரு ஹெல்மெட்

(பத்தாம் வகுப்பு மாணவி, விழிதியூர்)

எங்கள் ஊர் விழிதியூர், நிரவி கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர். சுற்றிலும் வயல்கள். சம்பா அறுவடை வந்துவிட்டால் தார்ச்சாலைதான் எங்களுக்குக் களம். நெல் காய்வதும் அங்கேதான், வைக்கோல் பரப்புவதும் அங்கேதான். இந்த வைக்கோலை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். பின்னால் அது வரும்.

எங்கள் வீட்டிலிருந்து இப்பள்ளிக்கு வருகிறவர்கள் இருவர். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. இதை எழுதுகிறவள் மூத்தவள் என்றாலும், கணக்குப் போட்டதும் கடைக்காரரிடம் வாதாடியதும் இளையவள். ஆகையால் 'நாங்கள்' என்று எழுதுவதுதான் நியாயம்.

சென்ற சித்திரையில் எங்கள் அண்ணனுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. இரவு ஒன்பது மணிக்குத்தான் கடை அடைப்பார்கள். அதன்பின் பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கி, இருட்டில் நடந்து வீடு சேர வெகு நேரமாகிவிடும். ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள்கிறேன் என்று அண்ணன் கேட்டார். அப்பாயி உடனே சரி என்றார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "எது வேணும்னாலும் வாங்கிக்க தம்பி, அது மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது.

2022-ஆம் ஆண்டு மாசி மாதம் அப்பா மொபெட்டில் நாகூருக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தெற்கே போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஹெல்மெட் அணிவதைக் கட்டாயமாக்கினார்கள். அதுமுதல் நாகூருக்கும் நாகைக்கும் போகிறவர்கள் வாஞ்சூர் எல்லை வந்ததும் ஹெல்மெட்டைத் தலையில் ஏற்றுவார்கள். திரும்பும்போது அதே வாஞ்சூரில் இறக்கி வண்டியில் மாட்டிக்கொள்வார்கள். சட்டம் இரு பக்கமும் ஒன்றேதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 129-ஆம் பிரிவு. ஆனால் அங்கே பிடித்தார்கள், இங்கே பிடிக்கவில்லை. அப்பாவும் அன்று எல்லோரையும்போல வாஞ்சூரில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஊருக்குக் கிட்டத்தில் ஒரு திருப்பம். சாலை முழுவதும் வைக்கோல், அடியில் ஈரம். வேகம் இருபதுகூட இராது. வண்டி வழுக்கியது, அப்பா மல்லாந்து விழுந்து பின்மண்டை தரையில் மோதியது. ஹெல்மெட் கைப்பிடியிலேயே தொங்கியபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

நான்கு நாள் மருத்துவமனை. பிறகு தையல் பிரித்தார்கள், தலைவலி குறைந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். ஒருநாள் மாலை அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துபோயிற்று. கருகிய நாற்றம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே எட்டியது. அடுப்பங்கரைக்கு அடுத்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை. "என்னங்க, மூக்குல என்ன அடைப்பா?" என்று அம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள்.

அடைப்பு இல்லை. மூக்கின் கூரையில் சல்லடைபோல் துளைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறதாம். மணம் அறியும் நரம்பின் இழைகள் அந்தத் துளைகளின் வழியாகத்தான் மூளைக்கு ஏறிச் செல்கின்றன. தலை பலமாக அதிரும்போது மூளை அசைய, அந்த இழைகள் அறுந்துவிடக்கூடும். பின்மண்டையில் விழும் அடியிலும் இது நேரும் என்று டாக்டர் விளக்கினார். சிலருக்கு நாளாவட்டத்தில் திரும்பும். அப்பாவுக்கு இன்றுவரை திரும்பவில்லை. உப்பு, புளிப்பு, உறைப்பு தெரியும். ரசத்துக்கும் புளித்தண்ணீருக்கும் வேறுபாடு தெரியாது. முதல் மழையின் மண்வாசனை, புது நெல் அவிக்கும் வாசனை, அம்மா தலையிலிருக்கும் மல்லிகை எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். சமையல் காஸுக்கு இயற்கையில் மணமே கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள் என்று வகுப்பில் படித்த அன்று, இருவருக்கும் வயிற்றைக் கலக்கிற்று. அப்பாவைத் தனியாக வீட்டில் விட்டுப் போக அம்மா தயங்குவது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

ஆகவே மோட்டார் சைக்கிள் பேச்சு ஒரு வாரம் நின்றுபோயிற்று. எட்டாம் நாள் அம்மாவே ஒரு நிபந்தனை போட்டார்கள். "வண்டி வாங்கட்டும். ஆனா தலைக்கும் கைக்கும் காலுக்கும் என்னென்ன வேணுமோ, அதை இதுங்க ரெண்டும் பார்த்துச் சொல்றதுதான். அவன் இஷ்டத்துக்கு விட்டா அழகு பார்த்து வாங்குவான்." அண்ணன் முகம் போன போக்கை இம்மலரில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வண்டி பழையது, நூறு சி.சி.; பி.ஒய். 02 எண். முன்பு வைத்திருந்தவர் நாகரிகத்துக்காகச் சேலை கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணாடி இரண்டையும் எடுத்துவிட்டு, கைப்பிடி நுனியில் வண்ண நூல் குஞ்சம் கட்டியிருந்தார். விலை கொடுத்ததுபோகக் கையில் மிஞ்சியது 4,500 ரூபாய். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

ரஃப் நோட்டில் பட்டியல் எழுத ஆரம்பித்தோம். ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணன் சொன்னவை: கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட், தோல் ஜாக்கெட், முன்பக்கக் கம்பி கார்டு. அப்பாயி சொன்னவை: எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு. (இவை இரண்டுக்கும் செலவு பத்து ரூபாய்தான் என்பதால் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டன.) எங்கள் ஊர்ப் பக்கத்தில் பல வீடுகளுக்கும் உள்ளதுபோல எங்களுக்கும் பிரான்சில் ஒரு மாமா இருக்கிறார்கள். போனில் கேட்டபோது, "கையுறை வாங்கினீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அங்கே 2016 நவம்பர் 20 முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் கையுறை போடவேண்டும் என்று சட்டமாம்; போடாவிட்டால் 68 யூரோ அபராதம். குளிருக்காக என்று நினைத்தோம். மாமா சிரித்தார்கள். "விழும்போது மனுஷன் முதல்ல எதை நீட்டுவான்?" என்றார்கள். இளையவள் கூடத்தில் தடுக்கி விழுவதுபோல் நடித்துப் பார்த்தாள். கைகள்தான் முன்னே போயின. கையுறை பட்டியலில் ஏறியது.

ஹெல்மெட்டில்தான் சண்டை. அண்ணனுக்கு அரை ஹெல்மெட் போதும். வெயில் காலத்தில் முழு ஹெல்மெட் போட்டால் கழுத்தெல்லாம் வியர்க்குமாம், காதும் கேட்காதாம். எல்லாம் பிளாஸ்டிக்தானே, 250 ரூபாய்க்குச் சாலையோரத்தில் விற்பதற்கும் கடையில் 1,500 ரூபாய்க்கு விற்பதற்கும் என்ன வித்தியாசம் என்று வேறு கேட்டார். எங்களுக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் அறிவியல் சிஸ்டரிடம் போய் நின்றோம்.

சிஸ்டர் பதில் சொல்லவில்லை. "இரண்டு முட்டை கொண்டு வாருங்கள்" என்றார்கள்.

ஒரு முட்டையைத் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்து இறுக மூடினோம். இன்னொன்றை, ஆய்வகத்தில் சாமான் வந்த தெர்மோகோல் துண்டுகள் இரண்டைக் குடைந்து நடுவில் வைத்துக் கட்டினோம். மாடி வராந்தாவிலிருந்து இரண்டையும் கீழே விட்டோம். (வேடிக்கை பார்க்க ஏழாம் வகுப்பு முழுவதும் வந்துவிட்டது, அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பளபளவென்றே இருந்தது. உள்ளே முட்டை கூழாகியிருந்தது. தெர்மோகோலில் ஒரு மூலை நசுங்கிப் பள்ளமாகிவிட்டது. முட்டை முழுசாக இருந்தது.

இயற்பியல் பாடத்தில் கணத்தாக்கு படித்தபோது, கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்ற கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்திருந்தோம்: நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டால் விசை குறையும். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தோம். ஹெல்மெட்டின் வெளி ஓடு கூரானவை குத்தாமல் தடுக்கிறது, அடியைப் பரப்புகிறது, சாலையில் சறுக்கவிடுகிறது. ஆனால் தலை நிற்கும் நேரத்தை நீட்டுவது உள்ளே இருக்கும் தெர்மோகோல்தான். தான் நசுங்கித்தான் அது வேலை செய்கிறது. நசுங்கினால் மறுபடி எழாது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே நன்றாயிருந்தாலும், மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். மெத்தென்று இருக்கும் ஸ்பாஞ்சு வெறும் சௌகரியத்துக்கு.

இதை உலகம் தெரிந்துகொண்ட கதையையும் சிஸ்டர் சொன்னார்கள். முதல் உலகப் போரில் அரபு நாட்டில் புகழ்பெற்ற லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாமல் ஒதுங்கப் போய்த் தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஹ்யூ கெய்ன்ஸ் என்ற ஆஸ்திரேலிய மூளை அறுவை நிபுணர் ஒருவர். அந்தச் சாவை அவர் மறக்கவில்லை. போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை எழுதினார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் பிரிட்டனில் எல்லோருக்கும் அது சட்டமாக 1973 வரை ஆயிற்று. கெய்ன்ஸ் 1952-லேயே காலமாகிவிட்டார். எங்கள் புதுச்சேரியிலும் 2017-இல் கட்டாயம் என்றார்கள், 2019-இல் கட்டாயம் என்றார்கள். அந்தப் பிப்ரவரியில் எதிர்ப்புக் காட்டி ஹெல்மெட்டுகளைத் தரையில் போட்டு உடைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2025 ஜனவரி 12 முதல் மறுபடியும் கட்டாயம் என்றார்கள். சட்டம் வந்து வந்து போனதில்தான் வாஞ்சூர் வழக்கம் வளர்ந்தது என்பது எங்கள் எண்ணம்.

ஒரு சனிக்கிழமை காரைக்காலில் மூன்று கடை ஏறி இறங்கினோம். கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பார்ப்பதே எங்கள் பரீட்சை. சாலையோர ஹெல்மெட்டில் ஸ்பாஞ்சுக்குப் பின்னால் நேரே பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. ஐ.எஸ்.ஐ. என்று ஓர் ஒட்டுத்தாள் இருந்தது; எண் இல்லை. உண்மையான முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் போட்டால் தயாரித்தவர் பெயர் வரும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. அப்படியும் வெயிலில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் தலைச் சுற்றளவை அம்மாவின் தையல் நாடாவால் புருவத்துக்கு மேலே அளந்து போயிருந்தோம்: 58 சென்டிமீட்டர். 'எம்' அளவு. அண்ணன் 'எல்' தான் வேண்டும் என்றார். தலைமுடியின் மேல் அவ்வளவு நம்பிக்கை. 'எல்' போட்டுப் பட்டையைப் பூட்டச் சொல்லி, பின்னாலிருந்து இளையவள் எக்கி ஒரு தள்ளுத் தள்ளினாள். ஹெல்மெட் கழன்று அண்ணன் மூக்கின் மேல் வந்து நின்றது. கடைக்காரரே சிரித்துவிட்டார். 'எம்' கன்னத்தை இறுக்கிப் பிடித்தது. தள்ளினால் கன்னத்தின் தோலும் சேர்ந்து அசைந்தது. அதுதான் சரியான அளவு. தாடையை மூடும் முழு ஹெல்மெட், வெள்ளைக் கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி பகலில் அழகாயிருக்கும். அண்ணன் வீடு திரும்புவது இரவில். அந்தி நேரத்தில் வயலோரச் சாலையில் பூச்சி வந்து கண்ணில் அடிப்பது எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். விலை 1,650.

கம்பி கார்டு வாங்கச் சொல்லிக் கடைக்காரர் மிகவும் வற்புறுத்தினார். "விழுந்தாலும் வண்டிக்கு அடி படாதும்மா" என்றார். நாங்கள் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை, விட்டுவிட்டோம். ஜாக்கெட் விலையைக் கேட்டதும் திருப்பி மாட்டிவிட்டோம். கெட்டியான முழுக்கைச் சட்டையும் ஜீன்சும், கணுக்காலை மூடும் பழைய ஷூவும் வீட்டிலேயே இருந்தன. வைகாசி வெயிலில் அண்ணன் ஜாக்கெட் போடமாட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியும். மழைக்கோட்டு ஐப்பசிக்குள் வாங்கிக்கொள்ளலாம். கையுறை 420, கண்ணாடி இரண்டு 280, சேலை கார்டு 350.

சேலை கார்டுக்கு அண்ணன் முணுமுணுத்தார். வண்டி அம்மாச்சி வண்டிபோல் ஆகிவிடுமாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதியை மூத்தவள் எழுதி வைத்திருந்தாள். பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி, ஆடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இம்மூன்றும் வேண்டும். சேலையும் தாவணியும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று இம்மலரைப் படிக்கும் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணன் வாயை மூடிக்கொண்டு பணம் கொடுத்தார்.

2,700 ஆயிற்று, மீதி 1,800. அண்ணன் ஜாக்கெட் பக்கம் மறுபடி பார்த்தார். நாங்கள் இன்னொரு ஹெல்மெட் கேட்டோம்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

வண்டி வந்தால் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் பின்னால் ஏறப்போவது அம்மாதான். ஓட்டுகிறவர் முழுக் கவசத்தோடும், பின்னால் அம்மா பூ வைத்த வெறுந்தலையோடும் போவதை எங்கள் பக்கத்துச் சாலைகளில் நாள்தோறும் பார்க்கிறோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அது பின்னால் இருக்கும் தலைக்கும்தான்.

அம்மாவுக்கு முழு ஹெல்மெட் வாங்கினால் பரண்மேல்தான் போகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே முகம் திறந்த, கண்ணாடி வைத்த, எடை குறைந்த ஒன்றை முத்திரை பார்த்து எடுத்தோம். 1,100 ரூபாய். தாடைக்குக் காப்பு இல்லை என்பது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. மீதியில் இரவில் ஒளிரும் சிவப்பு ஒட்டுப்பட்டை வாங்கி, வண்டியின் பின்னாலும் இரு ஹெல்மெட்டுகளின் பின்னாலும் ஒட்டினோம்.

வீட்டில் எதிர்பார்த்தது நடந்தது. "நான் என்ன வண்டியா ஓட்டப் போறேன்? கொண்டையை எங்கே வைக்கிறது? தெருவே சிரிக்கும்" என்றார்கள் அம்மா. இளையவள் 14,337-ஐச் சொன்னாள். அம்மா அசையவில்லை. "இது என்ன தீபாவளி வேஷமா?" என்று அப்பாயி சேர்ந்துகொண்டார்கள். ஹெல்மெட் பத்து நாள் குடை மாட்டும் ஆணியில் தொங்கியது.

அண்ணனோ, வீட்டு வாசலில் பட்டையைப் பூட்டினால் நாகப்பட்டினத்தில்தான் கழற்றுகிறார். முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு, வாஞ்சூர் தாண்டியதும் பக்கத்தில் வந்த ஒருவர் கையால் ஜாடை காட்டி, "தம்பி, எல்லை தாண்டியாச்சு, கழட்டிடலாம்" என்று அன்பாகச் சொன்னாராம். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினாராம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் சந்தைக்குப் போக அண்ணன் வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார். அம்மா பையோடு வந்தார்கள். கொண்டையைப் பிரித்துத் தாழப் பின்னியிருந்தார்கள். பூவைக் காணோம். எங்களைப் பார்க்காமல் ஆணியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்தார்கள். பட்டையைப் பூட்டத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் ஓடுவதற்குள் திண்ணையிலிருந்து அப்பா எழுந்து வந்துவிட்டார்கள். புதுப் பொருள் எதுவானாலும் மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்ப்பது அப்பாவின் பழைய வழக்கம். ஹெல்மெட்டையும் அம்மா கையிலிருந்து வாங்கி அப்படியே முகர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் அம்மா தலையில் வைத்து, பட்டையைப் பூட்டி, தாடைக்கடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்கள்.

"லூசா இருக்கு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள்.